அழுதால் போனை வை

வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகப் போகிறது. ஆனாலும் பயிற்சி மையத்திலிருந்து அவ்வப்போது போன் வரும். ப்ரொஜெக்டர் வொயர் எந்த அலமாரியில் இருக்கிறது, பழைய பேட்ச் பையனுக்குச் சான்றிதழை மறுபடி எடுத்துக் கொடுக்க முடியுமா, இப்படி. போன வாரம் வந்த போன் வேறு மாதிரி. புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்றுநர் ஹரிணி தெலுங்கில் கேட்டாள்: "மேடம், வியாழக்கிழமை பாடத்துல கடைசியா போன்ல அழற பகுதி இருக்கே, அது அவசியமா? போன தடவை ரெண்டு பொண்ணுங்க நிஜமாவே அழுதுட்டாங்க. எடுத்துடலாமான்னு சுதாகர் சாரைக் கேட்டேன். உங்களைக் கேட்கச் சொன்னாரு."

சார் ஏன் என்னைக் கைகாட்டினார் என்று எனக்குத் தெரியும். அவரால் அதைச் சொல்ல முடியாது. போனில் என்னாலும் முடியவில்லை. குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தாள். "எழுதி அனுப்பறேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடிகிற பதிலாக அது வரவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் வளர்ந்தது ஹைதராபாத் மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா பணிமனையில் இருந்தார். எம்.சி.ஏ. முடித்ததும் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் பெரிய கம்பெனிகளுக்குப் போனார்கள். எனக்கும் ஓர் இடத்தில் கிடைத்தது. ஷிஃப்ட் என்றார்கள், அம்மா பயந்தாள், அவளைப் பார்த்து நானும் பயந்தேன். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் மையத்தில் பகல் வேலை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தற்காலிகமாகத்தான் சேர்ந்தேன். கல்யாணமாகித் திருமுல்கேரிக்குப் போன பிறகும் அங்கேயே இருந்தேன். தினமும் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி ஜீடிமெட்லாவில் இருந்த மையத்துக்கு.

மையம், மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை ஒன்றுக்கு மேலே, முதல் மாடி. ஜன்னலைத் திறந்தால் மருந்துக் கம்பெனிகளின் வாடை வரும். மூடினால் விசிறி ஓடாததுபோலப் புழுங்கும். பதினேழு, பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். ஏழாவதில் நின்றவர்கள், எட்டாவதில் நின்றவர்கள். மாத்திரை பேக்கிங்கில் வேலை பார்த்தவர்கள், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண்கள். முதல் நாள் மவுஸைப் பிடிக்கச் சொன்னால், அது கடித்துவிடும் என்பதுபோல் இரண்டு விரலால் தொடுவார்கள். ஒரு மாதத்தில் அதே கை, பார்க்காமலே ஓடும்.

சுதாகர் சார்தான் எங்கள் மையத்துக்குப் பொறுப்பு. அவரும் மெட்டுகுடாச் சந்தில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்துத் தமிழர்களோடு விளையாடிக் கற்ற தமிழ் அவருடையது. என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஆள் உயரம், பருமன், கடுமையான முகம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைக்க ஆரம்பிப்பார். 

சேர்ந்த அன்று இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, ஏன் படிப்பை விட்டாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. "அவங்களா சொன்னா கேட்டுக்க. நீயா தோண்டாதேம்மா." இரண்டாவது, மாணவர் கையிலிருந்து மவுஸை வாங்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவர்களேதான் செய்ய வேண்டும். வகுப்பில் நாங்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்போம். என் கை துறுதுறுக்கும். ஒரு பையன் சேவ் பொத்தானைத் தேடித் திரை முழுக்க அலைவான்; எனக்கு விரல் நீளும்; பின்னாலிருந்து சார் மெதுவாக, "கை" என்பார். அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு டேப், அதாவது டேப்லெட், தருவோம். பேட்ச் முடிந்ததும் அதை அந்தந்த மாணவரே, எங்கள் கண்முன்னால், முழுவதும் அழித்துக் கொடுக்க வேண்டும். முன்பு எப்போதோ ஒரு பெண்ணின் படம் அடுத்த பேட்ச் பையன்கள் கைக்குப் போய்ப் பெரிய தொல்லையாகியிருக்கிறது. அதிலிருந்து சார் கொண்டுவந்த வழக்கம். "உன் முகம் உன் கணக்குல இருக்கட்டும். அடுத்தவங்க கைக்குப் போற பொருள்ல இருக்கக் கூடாது" என்பார். நல்ல வழக்கம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பவானி நான் பார்த்த நாலாவது பேட்ச்சோ ஐந்தாவதோ. வேலூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். எட்டாவதோடு நின்று மாத்திரை அட்டை அடுக்கும் வேலைக்குப் போனவள். என்னிடம் தமிழில் ஆரம்பிப்பாள், தெலுங்கில் நடப்பாள், ஆமாம் என்பதற்கு "ஹவ் மேடம்" என்று ஹைதராபாத் உருதுவில் முடிப்பாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் தமிழ்தான். அப்பாவை அவள் நைனா என்று கூப்பிடுவாள்.

அந்த நைனா, ஏழுமலை, லாரிகளில் மருந்து டிரம் ஏற்றிக் கயிறு கட்டுகிறவர். வீட்டில் ஒரே போன், அது அவரிடம் இருக்கும். மின்னஞ்சல் கணக்குத் தொடங்கும் நாளில் எந்த எண்ணைப் போடுவது என்று பவானி கேட்டபோது, வீட்டில் இருக்கும் எண்ணைப் போடு என்றோம். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வோம். பாதிப் பேருக்கு அப்பா எண், மீதிப் பேருக்கு அண்ணன் எண். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி-யை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

ஏழுமலை சாப்பாட்டு நேரத்தில் வந்தார். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி. எவ்வளவு கூப்பிட்டும் மாடிக்கு ஏறவில்லை. "காலெல்லாம் பவுடரும்மா, உங்க தரை கெட்டுப்பூடும்" என்று ரோட்டிலேயே நின்றுகொண்டார். பவானி ஜன்னலில் தலையை நீட்டி, "நைனா, வந்துச்சா?" என்று கத்தினாள்.

"இன்னாவோ வந்துகிது. படிக்கட்டா?"

"படி, படி!"

"நாலூ... ஒம்போதூ... ஒம்போது போட்டியா? ரெண்டூ..."

அவர் ஒவ்வொரு எண்ணாகக் கத்த, கீழே டீக்கடைக்காரர் அதைத் தெலுங்கில் திருப்பிக் கத்த, மோட்டார் கடைப் பையன்கள் சிரிக்க, கணக்குத் திறந்தது. சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஜீடிமெட்லாவுக்கே தெரிஞ்ச ரகசிய நம்பர் இதுதான்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் அந்தப் பாடம். ஓடிபி-யை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மறுநாள் சொல்லிவிடுவார்கள். அதனால் சார் அதை நடித்துக் காட்டுவார். பக்கத்து அறையில் உட்கார்ந்து வகுப்பில் ஒருவருடைய டேப்புக்கு அழைப்பார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்க வேண்டும். முதலில் வங்கி அதிகாரியாகப் பேசுவார். யாரும் ஏமாற மாட்டார்கள். அடுத்து போலீஸாக மிரட்டுவார். ஒன்றிரண்டு பேர் தடுமாறுவார்கள். கடைசியாக அழுவார்.

அந்தக் கடுமையான முகத்துக்குள்ளிருந்து அப்படியொரு அழுகை வரும் என்று யாராலும் நம்ப முடியாது. அன்றைக்குப் பவானியின் முறை. "அம்மா, என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. தப்பா உன் நம்பரைக் குடுத்துட்டேன். அந்த நம்பரைச் சொன்னாத்தான் ஊசி போடுவாங்களாம்" என்று தெலுங்கில் விம்மினார். வகுப்பில் சிரிப்பு. கடைசி பெஞ்ச் சலீம், "கைக்கு ரோத்தே மாமூ?" என்று டேப்பைப் பார்த்துக் கேட்டான். ஏன் மாமா அழறே என்று. எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். பவானி சிரிக்கவில்லை.

"அழாதீங்கண்ணா. அழாதீங்க. எழுதிக்கோங்க" என்று எண்ணைச் சொல்லிவிட்டாள்.

சார் வெளியே வந்தார். கண் நிஜமாகவே நனைந்திருந்தது. "பவானி, அழறவங்களுக்குத் தண்ணி குடு. நம்பர் குடுக்காதே" என்றார். பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார்: "அழுதா போனை வை. யாரா இருந்தாலும் வை."

வகுப்பு முடிந்த பின் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நம்ம பசங்க ஆசைப்பட்டு ஏமாற மாட்டாங்கம்மா. லாட்டரி விழுந்துச்சுன்னா சிரிப்பாங்க. இரக்கப்பட்டுத்தான் ஏமாறுவாங்க. அந்த ஒரு கதவை மட்டும்தான் நாம சாத்தணும்."

இரண்டாவது முறை அவர் அழுதபோது பவானி உதட்டைக் கடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். வகுப்பு கைதட்டியது. அவள் மட்டும், "பாவமா இருந்துச்சு மேடம்" என்றாள்.

படமெடுக்கும் பாடத்துக்கு நாங்கள் தருவது ஒரே வேலைதான். வீட்டில் யாராவது ஒருவர் தம் வேலையைச் செய்வதை எடுத்து, உன் கணக்கில் ஏற்றிக்கொண்டு வா. பவானி அப்பா லாரியில் கயிறு கட்டுவதை எடுத்து வந்தாள். முதலில் ஏழுமலை கேமராவைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். "இன்னா, ஆயிட்ச்சா? ஓடுதா?" என்கிறார். பிறகு வேலையில் இறங்கியதும் கேமராவை மறந்துவிடுகிறார். முதுகு மட்டும் தெரிகிறது. டிரம்மைச் சுற்றிக் கயிற்றை எப்படி இழுக்க வேண்டும், எங்கே முழங்காலைக் கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே பேசுவதுபோல் சொல்கிறார். கடைசியில் திரும்பி, "அவ்ளோதான். இதுல இன்னா இருக்குது?" என்று சிரிக்கிறார். ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். பவானி டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அம்மா அதைப் பார்க்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டாராம்.

பேட்ச் முடிந்தது. பவானி தன் டேப்பைத் தானே அழித்துக் கொடுத்தாள். பாலாநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பெயர் பதிவு செய்யும் வேலை கிடைத்தது. அங்கே அவர்களுடைய கம்ப்யூட்டர், அவர்களுடைய கணக்கு. தன்னுடையதைத் திறக்க வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஏழுமலைக்குக் காய்ச்சல் வந்தது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு லோடுக்குப் போனார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் சாரும் போயிருந்தோம். பவானி எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அவருடைய போன் பேட்டரி வீங்கிக் கிடந்தது. அவள் அம்மா அதை ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. யாருக்கு அது தோன்றும்?

வருடத் திதி வந்தது. அதற்குள் பவானி தனக்கென்று ஒரு போன் வாங்கியிருந்தாள். "உங்க நைனா கொரலு மறந்துபூடும் போலகீது" என்று அம்மா சொன்ன அன்றுதான் அவளுக்கு அந்தப் படம் நினைவு வந்தது. கணக்கைத் திறந்தாள். கடவுச்சொல் சரியாகவே நினைவிருந்தது. ஆனால் புதுப் போன் என்பதால், நீங்கள்தானா என்று உறுதிசெய்ய ஓர் எண் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அனுப்பியது நைனாவின் எண்ணுக்கு.

சனிக்கிழமை மையத்துக்கு ஓடி வந்தாள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த மாதத்தோடு நிற்பதாக எழுதிக் கொடுத்திருந்தேன். "மேடம், சிம்மை மறுபடி உயிர்ப்பிக்கலாமா?" என்று கேட்டாள். சிம் கம்பெனிக் கடையில் கேட்டோம். ரொம்ப நாள் ரீசார்ஜ் செய்யாததால் அந்த எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். வேறு வழி என்று கணக்கு காட்டியது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் முன்பு பயன்படுத்திய டேப்பில் திறந்து பாருங்கள். அந்த டேப் அலமாரியில்தான் இருந்தது. காலியாக.

மறுபடி மாடிக்கு வந்து உட்கார்ந்தோம். பவானிதான் சொன்னாள், "அந்த நம்பருக்கே போன் பண்ணிக் கேக்கலாமா?"

அவள் போனில் அந்த எண் இன்னும் நைனா என்றுதான் இருந்தது. அழுத்தினாள். மணி அடித்தது. அவள் ஒரு வருடமாகக் கேட்காத மணி. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும், "எவரண்டி?" என்று ஒரு பெண் குரல் தெலுங்கில் கேட்டது. யாருங்க என்று. 

பவானி சொன்னாள். "அக்கா, இது எங்க நைனா நம்பரு. அவரு போயிட்டாரு."

அந்தப் பெண் நல்லவள். "அய்யோ. ஏழுமலைன்னு கேட்டு எத்தனையோ போன் வருதும்மா. அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. இறந்துட்டாரா?" என்றாள். சித்திபேட்டைப் பக்கம் ஏதோ ஊர் என்றாள். புதிதாக வாங்கிய சிம், பையனின் ஸ்கூலுக்கெல்லாம் இந்த எண்ணைத்தான் கொடுத்திருக்கிறாளாம்.

"அக்கா, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்றீங்களா? எங்க நைனா வீடியோ ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு."



"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. டிவில சொல்றாங்க."

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவரு குரல் அதுல மட்டும்தான் இருக்கு..."

இங்கேதான் பவானியின் குரல் உடைந்தது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். போனை வாங்கி நான் பேசியிருக்கலாம். பழக்கம், கை இரண்டும் பின்னால் இருந்தது. அவளே பேசட்டும், அவளுடைய அப்பா, அவளுடைய கணக்கு என்று அந்த நேரத்தில் நினைத்தேனா, இல்லை ஒன்றுமே நினைக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் பேசியிருந்தாலும் அந்தப் பெண் சொல்லியிருக்க மாட்டாள் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். பவானி அழ ஆரம்பித்தாள். "எங்க நைனாக்கா, எங்க நைனா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுபடி அழைத்தோம், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் போனிலிருந்து அழைத்தேன். நான் பயிற்சி மையத்தில் ஆசிரியை என்று தொடங்கியதுமே அந்தப் பெண் குறுக்கிட்டாள். "முதல்ல ஒருத்தி அழறா, இப்ப டீச்சரா? அடுத்தது யாரு, போலீஸா? என் பையன் ஸ்கூல் நம்பர் இது, விட்டுடுங்க" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு எங்களைப் பார்த்துப் பயம். நாங்கள் ஒரு கும்பல் என்று நினைத்துவிட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சுதாகர் சாரிடம் போனேன். "நீங்க பேசிப் பாருங்க சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆம்பளைக் குரல் கேட்டா இன்னும் பயப்படுவாங்கம்மா."

"அப்ப என்ன பண்றது?"

துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தம்மா குடுக்கக் கூடாது. இன்னிக்குப் பவானிக்குக் குடுத்தா, நாளைக்கு நிஜத் திருடனுக்கும் குடுப்பாங்க."

எனக்கு வந்த கோபத்தில், "சார், இது உங்க நாடகம் இல்லை" என்றுவிட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.  அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பதில் சொன்னது பவானிதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். "அந்தக்கா செஞ்சது கரெக்ட்தான் மேடம். நானா இருந்தாலும் வெச்சிருப்பேன். நீங்கதானே கத்துக் குடுத்தீங்க."

பிறகும் பல நாள் முயன்றோம். கணக்கின் கதவில் தட்டத் தட்ட அது இன்னும் இறுக மூடிக்கொண்டது. நிறைய முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்றது. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் ஆபீஸ் வாசலில் போய் உட்காரலாம். திட்டினாலும் ஒரு மனிதர் இருப்பார்; நாளைக்கு வா என்பார். இதற்குப் போய் உட்கார எந்த வாசலும் இல்லை. யாரிடம் அழுவது என்றுகூடத் தெரியவில்லை. படம் அழிந்துபோகவில்லை, எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கடைசி வாரத்தில் பவானி அம்மாவை அழைத்து வந்தாள். "நீங்க பாத்திருக்கீங்க இல்ல மேடம். அதுல நைனா இன்னா பேசுனாருன்னு அம்மாக்குச் சொல்லுங்க. நான் சொன்னா அழுதுடறேன்" என்றாள். நான் சொன்னேன். ஓடுதா என்று கேட்டதை, முழங்காலைக் கொடுத்து இழுத்ததை, திரும்பிச் சிரித்ததை. அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அவ்ளோதானா?" என்று கேட்டார்.

"அவ்ளோதான்னுதான் கடைசியாச் சொன்னாரு" என்றேன். சொன்ன பிறகு, அவர் நிஜமாகவே அதைச் சொன்னாரா, அல்லது அந்த அம்மாள் இப்போது சொன்னதை நான் பிடித்துக்கொண்டேனா என்று குழம்பிவிட்டது. இதை எழுதும்போதும் குழப்பம் தீரவில்லை. குரல் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் எனக்கு எதுவும் சொல்லத் தெரிந்திருக்காது. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

மகள் பிறந்தாள். நான் வேலைக்குத் திரும்பவில்லை. அவள் தும்மினால்கூடப் படம் எடுக்கிறேன். எடுத்ததை என் கணக்கில் ஒன்று, கணவர் கணக்கில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைக்கிறேன். "குழந்தையை விட காப்பிதான் அதிகமா இருக்கு நம்ம வீட்ல" என்று அவர் கிண்டல் செய்வார். தடுப்பூசிக்கு எந்த எண் கொடுப்பது, கேஸ் சிலிண்டருக்கு எந்த எண் என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்கிறேன். எண் மாறினால், நான் இல்லாமல் போனால் என்று மனம் எங்கெங்கோ போகும். பிறகு அடுப்பில் பால் பொங்கும்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போனது ஒரு வியாழக்கிழமை என்பதே படியேறிய பிறகுதான் நினைவு வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சார் பின்சுவரோரம் நின்றிருந்தார். என் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாயில் விரலை வைத்து உட்காரச் சொன்னார். எனக்கு ஆச்சரியம். அவர் இங்கே நின்றால் பக்கத்து அறையிலிருந்து யார் பேசுவது?

முன் வரிசையில் ஒரு பெண்ணின் டேப் அடித்தது. பெயர் மானசா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இது எங்க நைனா நம்பரு. அவரு போயிட்டாரு."

 தெலுங்கில், அதே வார்த்தைகள், அதே வரிசை. "அக்கா, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்றீங்களா? எங்க நைனா வீடியோ ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு." சிரிப்பதற்குத் தயாராக இருந்த வகுப்பு சிரிக்கவில்லை. மானசாவின் கண் நிறைந்துவிட்டது. "அவரு குரல் அதுல மட்டும்தான் இருக்கு..." என்று அந்தக் குரல் உடைந்தது, அன்றைக்கு உடைந்த அதே இடத்தில்.

மானசா திரும்பினாள். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை என்மேல் விழுந்தது. நான் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, அவ்வளவுதான். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். இடுப்பில் குழந்தையை இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் போனை வைத்தாள்.

பக்கத்து அறைக் கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பவானி வந்தாள். வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்றைக்கு மட்டும் இங்கே வந்து பாடம் எடுக்கிறாள். முகம் கழுவியிருந்தாள். "யாரு வெச்சது? நீயா? சபாஷ்" என்று மானசாவின் தோளில் தட்டினாள். அப்புறம்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

சித்திபேட்டைப் பெண் போனை வைத்த அன்றைக்குப் பிறகு சார் அழவே இல்லையாம். அந்தப் பகுதியையே எடுத்துவிட்டிருந்தார். தான் அழுவதாகப் பவானிதான் வந்து கேட்டிருக்கிறாள். "ஆஸ்பத்திரி, ஊசியெல்லாம் இப்ப யாரும் நம்பறதில்ல மேடம். இதைச் சொன்னா மொதல் தடவை எல்லாரும் குடுத்துடறாங்க. இன்னிக்குத்தான் ஒரு பொண்ணு மொதல் தடவையே வெச்சிருக்குது" என்றாள். நான் தலையசைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஹரிணி, உன் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான். அந்தப் பகுதி வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீயும் இல்லை, நானும் இல்லை. பவானி அழத் தயாராக இருக்கும்வரை இருக்கட்டும். அழுகிற பெண்களுக்குத் தண்ணீர் கொடு.

அன்றைக்குப் படியிறங்கும்போது பவானி தன் போனை எடுத்துக் காட்டினாள். நைனா என்ற பெயர் இன்னும் அங்கேயே இருந்தது. பெயருக்கு மேலே வட்டத்தில் அந்தச் சித்திபேட்டை அக்காவின் பையன், புதுச் சைக்கிளில். போன வருடப் படத்தில் தவழ்கிற தம்பியோடு இருந்தானாம். "வளந்துட்டான் பாருங்க மேடம்." பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளிச்சம் தெரிந்ததும் என் மகள் கையை நீட்டித் திரையைத் தட்டப் போனாள். பவானி சட்டென்று போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

"நக்கோ பாப்பா, வேண்டாம்" என்றாள். "அவங்களுக்குப் போன் போயிடும். அவங்க பயந்துடுவாங்க."